பிடிச்சுதா, வெட்டுச்சா?

போன மாதம் புவனா என்னைத் தன் புதிய கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு என்னிடம் பிசியோதெரபி வேலைக்கு வந்து சேர்ந்த பெண் அவள். இப்போது திண்டுக்கல்லில் விளையாட்டுக்காரர்களுக்கென்றே தனியாக ஓர் இடம் வைத்திருக்கிறாள். தரையில் ரப்பர் பாய், சுவர் முழுக்கக் கண்ணாடி, ஏசி. உள்ளே ஓர் இளைஞன் முழங்காலிட்டு நின்றான். இன்னொருவன் அவனுடைய கணுக்கால்களை அமுக்கிப் பிடித்திருந்தான். முன்னவன் இடுப்பை வளைக்காமல், வெட்டிய வாழை சாய்வது மாதிரி மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்தான். கன்னம் துடித்தது, தொடை நடுங்கியது, கடைசியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான்.

“இது பின்தொடைக்கு மேடம். ஹாம்ஸ்ட்ரிங் கிழியாம இருக்கச் செய்யறது. வெளிநாட்டுப் பயிற்சி. உங்க காலத்துல இதெல்லாம் ஏது?” என்றாள் புவனா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டாள். நின்றபடி சொல்கிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதி அவளுக்காக எழுதுகிறேன், பாதி காமாட்சி அக்காவுக்காக.

நான் சென்னையில் படித்தேன். தசைகளின் பெயரையும் நரம்புகளின் பெயரையும் பஸ்ஸில், விடுதி மாடியில், குளியலறையில் என்று எல்லா இடத்திலும் மனப்பாடம் செய்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். வேலையைக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு.

அந்தக் காலத்தில் பிசியோதெரபி என்றால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ‘கரண்ட் வைக்கிற இடம்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். என் அறையில் சூடு வைக்கும் மெஷின் ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று, தசையைத் துடிக்க வைக்கும் பெட்டி ஒன்று இருந்தன. அதனால் நான் கரண்ட் அக்கா. கையைக் காலை நீட்டி மடக்கச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. “அதெல்லாம் வீட்ல செஞ்சுக்கிறேன்க்கா, நீங்க கரண்ட வைங்க” என்பார்கள். ஊரில் மின்சாரம் போய்விட்டால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். கரண்ட் இல்லாதபோது கரண்ட் அக்காவால் என்ன ஆகும்?

எங்கள் எலும்பு மருத்துவர் தாமோதரன் சாருக்கு இந்த மெஷின்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஒல்லியான மனிதர். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார். நோயாளி உள்ளே வந்து உட்கார்ந்ததும், “தப்பா நினைச்சுக்காதீங்க, வெளிய போயிட்டு இன்னொரு தடவை வாங்க” என்பார். முதல் தடவை அவர் எதையோ எழுதிக்கொண்டிருப்பார். இரண்டாவது தடவை நடையை மட்டும் பார்ப்பார். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை எட்டிப் பார்த்து எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கவனிப்பார். ஆள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, “வசந்தா, அவர் எந்தக் கால்ல பாரம் போட்டார்?” என்று கேட்பார். தெரியாது என்றால் திட்டமாட்டார். அடுத்த ஆளையும் வெளியே அனுப்பி மறுபடி வரச் சொல்லிவிடுவார், எனக்காக. அதுதான் எனக்குத் திட்டு.

வலி எங்கே என்று அவர் கேட்கிற விதமும் தனி. “வாயால சொல்லாதீங்க. ஒரு விரலால காட்டுங்க” என்பார். வந்தவர் விரலை நீட்டித் தேடுவார். சிலர் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, முடியாமல் உள்ளங்கையை விரித்துத் தொடை முழுவதையும் தடவிக் காட்டுவார்கள். சிலர் தயங்காமல் ஒரே இடத்தில் விரலை ஊன்றுவார்கள். முதல் வகையினரைப் பார்த்துப் பெரும்பாலும் அவர் முகம் தெளியும். இரண்டாம் வகை என்றால் கிராம்பை மெல்லுவதை நிறுத்திவிடுவார். தசை களைத்து இறுகிக்கொண்டால் வலி எங்கும் பரவிக் கிடக்கும். கிழிந்திருந்தால் கிழிந்த இடம் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அதன் பிறகுதான் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், காலைத் தூக்கிப் பார்ப்பார். விரல் ஒன்றை மட்டும் நம்பி அவர் முடிவு செய்ததில்லை, ஆனால் எப்போதும் அங்கேதான் தொடங்குவார்.

இதில் எங்கள் ஊர்ப் பேச்சு ஒரு சிக்கல் செய்து வைத்திருந்தது. கழுத்து திரும்பாவிட்டால் பிடிப்பு, இடுப்பு நிமிராவிட்டால் பிடிப்பு, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் பிடிப்பு, ஓடுகிறவனுக்குப் பின்தொடை கிழிந்து போனாலும் அதுவும் பிடிப்புதான். பிடிப்பு என்றால் மருந்தும் ஒன்றுதான், எண்ணெய் போட்டு உருவி விட வேண்டும். உருவுவதற்கும் சும்மா ஆள் ஆகாது. பிரசவத்தில் தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்துவிட வேண்டும், அல்லது இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை வைக்க வேண்டும். திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் கேட்டாலும் அப்படி ஒருவர் வீட்டைக் காட்டுவார்கள்.

சின்னாளபட்டியில் அது காமாட்சி அக்கா வீடு. அவர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், ‘இரட்டைப்புள்ளக்காரம்மா’ என்றால்தான் தெரியும். கணவர் காலமாகிவிட்டார். இரட்டையர் இருவரும், ராமலிங்கமும் சொக்கலிங்கமும், வளர்ந்து ஆளுக்கு ஒரு தறியில் உட்கார்ந்து சேலை நெய்துகொண்டிருந்தார்கள். காலையில் தறிச் சத்தம் தொடங்கும் முன்பே வாசலில் கழுத்தைச் சாய்த்தபடி யாராவது காத்திருப்பார்கள். அக்கா கையில் விளக்கெண்ணெயைத் தொட்டு, ஒரு நீவு நீவி, ஒரு சொடக்கு எடுப்பார். வந்தவர் நேராகப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போவார். யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். வாங்கினால் கைராசி போய்விடும் என்று நம்பிக்கை.

இளையவன் சொக்கலிங்கம் நன்றாக ஓடுவான். நூறு மீட்டர்தான் அவனுக்கு. திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த புதிது அது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் அடுத்து வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அதில் தேறி மாநிலப் போட்டி வரை போனவர்களுக்குப் போலீஸ், மின்வாரியம் என்று எங்காவது வேலை கிடைக்கும் என்ற பேச்சும் இருந்தது. பையன் பகல் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு மிதித்துவிட்டு, பொழுது சாயும்போது எழுந்து நேரே மைதானத்துக்கு ஓடுவான். உடம்பைச் சூடாக்கிக்கொள்வது, காலை உதறிக்கொள்வது எதுவும் கிடையாது. வேட்டியை மாற்றி டவுசர் போட்டதும் கோட்டில் நின்றுவிடுவான்.

அப்படி ஒரு மாலை முழு வேகத்தில் ஓடும்போதுதான் விழுந்தான்.

“யாரோ பின்னாடியிருந்து கல்லெடுத்து எறிஞ்ச மாதிரி இருந்துச்சு சார். எவண்டா அதுன்னு திரும்பிக்கூடப் பாத்தேன். ஒருத்தரும் இல்ல” என்று எங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னான். விழுந்த உடனே வரவில்லை. சில நாள் கழித்து அண்ணன் ராமலிங்கத்தின் தோளில் தொங்கிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் ஒரே அச்சு. சார் வழக்கம்போல வெளியே போய்விட்டு வரச் சொல்ல நினைத்தவர், அவன் காலை ஊன்றுவதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையமர்த்தினார்.

குப்புறப் படுக்க வைத்து வேட்டியை விலக்கினோம். வலது பின்தொடை நடுவிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் கறுத்து, நீலம் பாரித்துக் கிடந்தது. சார் விரலால் காட்டச் சொன்னார். சொக்கன் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தயங்காமல் ஒரே இடத்தில் விரலை வைத்தான்.

“யாராவது உருவினாங்களா?”

“இல்ல சார்.”

“எண்ணெய் வாசம் வருதேப்பா.”

“சும்மா தடவுனேன் சார், நானே.”

ராமலிங்கம் தரையைப் பார்த்தான். அப்போதுதான் கதவுக்கு வெளியே ஒரு நூல் புடவை தெரிவதைக் கவனித்தேன். அவ்வளவு நேரமும் ஓர் அம்மாள் உள்ளே வராமல் நிலையைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். இப்போது உள்ளே வந்தார்.

“அவன் பொய் சொல்றான் டாக்டரய்யா. நாந்தேன் உருவுனேன். காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. பிடிப்புதேன்னு நெனச்சேன். வலிக்குதும்மா வலிக்குதும்மான்னு கத்துனான், செத்த நேரம் பொறுத்துக்கடான்னு அமுக்கிப் பிடிச்சு உருவுனேன். ஊருல அம்புட்டுப் பேருக்கும் கை வச்சிருக்கேன், எம்புள்ளைக்குப் போயி…”

இரண்டு கையையும் விரித்து, அது வேறு யாருடைய கையோ மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் அந்தக் கைகள் அப்படியே கண்ணில் நிற்கின்றன.

சார் தன் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார். “உக்காருங்கம்மா. உங்ககிட்ட வர்றவங்க எப்படி வருவாங்க?”

“கழுத்தத் திருப்ப முடியாம வருவாக. இடுப்பப் பிடிச்சுக்கிட்டு வருவாக.”

“போகும்போது?”

“நல்லாத்தேன் போவாக.”

“அப்ப உங்க கை நல்ல கைதான். அதெல்லாம் பிடிப்பு. இது வேற. ஏப்பா தம்பி, உனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சு? கொஞ்சம் கொஞ்சமா இறுகிப் பிடிச்சுதா, இல்ல சட்டுனு வெட்டுச்சா?”

“வெட்டுச்சு சார்.”

“அவ்வளவுதாம்மா விஷயம். உள்ள சதை கிழிஞ்சு ரத்தம் கசியுது. அதைத் தேய்ச்சா இன்னும் கசியும். ரெண்டு நோவுக்கு ஒரே பேர் வச்சது ஊர். நீங்க அதுக்கு என்ன பண்ணுவீங்க?”

அம்மாள் தலையாட்டினார். ஆனால் அந்த வார்த்தை உள்ளே இறங்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

அன்று ஒரு மெஷினையும் நான் தொடவில்லை. ஐஸ் வேண்டும் என்றார் சார். ராமலிங்கம் ஓடிப்போய் ஐஸ் கம்பெனியிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஒரு கட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். அடிபட்ட அன்றே வைத்திருந்தால் பலன் அதிகம், இப்போது வலிக்காவது ஆகட்டும் என்றார். உடைத்துத் துணியில் முடிந்து செத்த நேரம் வைத்தோம். எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றினோம். தலையணை வைத்துக் காலை உயர்த்திப் போடு, யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். “கரண்ட் வைக்கலியாக்கா?” என்று சொக்கன் போகும்போது ஏமாற்றத்தோடு கேட்டான்.

வீக்கம் வடிந்து, அவன் நொண்டாமல் நடக்கத் தொடங்கியதும் சார் ஒரு வேலை செய்தார். சாதாரணமாக அடிபட்ட காலை அடுத்த காலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இங்கே ஒப்பிடுவதற்கு முழு ஆளே இன்னொருவன் இருந்தான். “ராமலிங்கம், நீயும் படுப்பா” என்றார். குப்புறப் படுத்து முழங்காலை மடக்கச் சொல்லி, நான் குதிகாலைப் பிடித்து இழுக்க வேண்டும், அவன் விடக் கூடாது. ஒரு காயமும் இல்லாத ராமலிங்கத்தின் கால் நான் இழுத்த இழுப்புக்குச் சும்மா வந்துவிட்டது. ஆனால் உட்கார வைத்து முன்தொடையைச் சோதித்தால் என் முழு பலத்தையும் போட்டும் அசைக்க முடியவில்லை. நான் அப்போது நோஞ்சான் இல்லை.

“தறி மிதிச்சு மிதிச்சு முன்தொடை கல்லாயிருக்கு. பின்பக்கத்துக்கு வேலையே இல்லை” என்றார் சார். பிறகு மூன்று பேரையும் ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். அங்கிருந்து சிறுமலை தெரியும். “மலையிலருந்து வாழைப்பழ லாரி இறங்குதே, அப்ப எதுக்கு வேலை? எஞ்சினுக்கா?”

“பிரேக்குக்கு” என்றான் சொக்கன்.

“ஓடும்போது உன் கால் முன்னாடி வீசுதுல்ல, அதைப் பிடிச்சு நிறுத்தறது பின்தொடைதான். அது நீண்டுக்கிட்டே இழுத்துப் பிடிக்கணும். அதான் அதோட கஷ்டம். உனக்கு லாரி எஞ்சின் போட்டு, சைக்கிள் பிரேக் வச்சிருக்கு. வேகமா போனா வேற என்ன ஆகும்? உங்க அண்ணனும் ஓடினா ஒருநாள் இதே மாதிரிதான் விழுவான்.”

அன்றிலிருந்து காலில் மணல் மூட்டை கட்டிப் பயிற்சி. குப்புறப் படுத்து முழங்காலை மடக்கித் தூக்குவது ஒரு பொருட்டில்லை, மெதுவாக இறக்குவதுதான் கணக்கு. “ஏத்துறது எஞ்சின், எறக்குறது பிரேக்” என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். மணல் பைக்கு நான் பழைய துணி தேடியபோது, மறுநாளே சுங்குடித் துண்டில் கெட்டியாகத் தைத்த பைகள் வந்தன. காமாட்சி அக்கா தைத்தவை. அவரே பஸ்ஸில் கொண்டுவந்து என் மேஜைக்குக் கீழே வைத்தார். “கட்டி விடுங்கக்கா” என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அவனே கட்டிக்கிருவான் தாயி. நான் தொடல” என்றார்.

கொஞ்ச நாளில் கழுத்து பிடித்த ஒருவர் சின்னாளபட்டியிலிருந்து என் அறைக்கு வந்து சேர்ந்தார். அங்கேயே நீவிக்கொள்ளாமல் இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். “அந்தம்மா கை வைக்கிறதில்லையாம்மா. வாசல்ல போயி நின்னா கதவச் சாத்திருது. அதேன் கரண்ட் வைக்கலாம்னு வந்தேன்” என்றார். அடுத்த வாரம் இடுப்புப் பிடித்த இன்னொருவர் வந்தார். எனக்குக் கூட்டம் கூடியது. ஆனால் மனதுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

சொக்கனிடம் கேட்டேன். அவன் மணல் பையை அவிழ்த்தபடி, முகம் பார்க்காமல் சொன்னான்: “ஊருல என்ன பேசுறாங்க தெரியுமாக்கா? பெத்தவ கையே புள்ள காலை முடக்கிருச்சும்பாங்க. நான் இந்தத் தேர்வுல ஓடணும். ஓடாமப் போனா எங்கம்மா கையினாலதேன் ஓடலன்னு ஆயிரும். வேலை கெடைக்கலன்னாப் போகுது. அது ஆகக் கூடாது.”

அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் பயமாகவும் இருந்தது. அவசரம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பின்தொடைக் காயத்தில் ஆளை ஏமாற்றுவது இந்தக் கட்டம்தான். வலி போய்விடும், நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், மெதுவாக ஓடலாம், காயமே இல்லை என்று தோன்றும். முழு வேகத்தில் ஓர் ஓட்டம் ஓடினால் அதே இடத்தில் மறுபடி கிழியும், முதல் தடவையைவிட மோசமாக. வலி இல்லாததும் பலம் வந்ததும் வேறு வேறு என்பதை ஓடுகிறவனுக்குப் புரிய வைப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை. புவனா, உன் ஏசி அறையிலும் இது மாறியிருக்காது.

ஒருநாள் சொக்கனை முந்திக்கொண்டு ராமலிங்கம் வந்தான். “அக்கா, இவன் விடியக்காலையில திருட்டுத்தனமா ரோட்டுல ஓடுறான். நேத்து சுருக்குன்னு இழுத்து உக்காந்துட்டான். கேட்டா ஒண்ணுமில்லங்குறான்.” பின்னால் நின்ற சொக்கன் அண்ணனை முறைத்தான். சோதித்துப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, நல்ல காலம். ஆனால் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“ஏம்ப்பா, மறுபடி கிழிஞ்சா அதுக்கு யார் கையைக் குத்தம் சொல்லுவாங்க? உங்கம்மா கையைத்தானே? நீ செய்யற தப்புக்கும் அவங்கதான் பேர் வாங்கணுமா?” என்று கேட்டுவிட்டேன். அவன் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு திருட்டு ஓட்டம் இல்லை. நடை, வேக நடை, பாதி வேகம், முக்கால் வேகம் என்று நான் சொன்ன கோட்டைத் தாண்டமாட்டான். ஓடி முடித்ததும் சட்டென்று நிற்கக் கூடாது, மெல்ல மெல்லத் தணிந்து நிற்க வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டான். தறியிலிருந்து எழுந்தால் மைதானத்தை நடந்து சுற்றி, மெல்ல ஓடி, உடம்பு வேர்த்த பிறகுதான் கோட்டுக்குப் போவான். ராமலிங்கம் போட்டிக்கு ஓடாதவன், அவனும் கூடவே எல்லாம் செய்தான். ஒருவன் சோம்பினால் இன்னொருவன் விடமாட்டான்.

ஒருநாள் மின்சாரம் போய்விட்டது. வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போக, இரட்டையர் மட்டும் இருந்தார்கள். சார் எட்டிப் பார்த்தார். “கரண்ட் இல்லைன்னா நம்ம வேலை நின்னு போகுமா வசந்தா? மணல் மூட்டை இனிமே இவங்களுக்குப் பத்தாது. இவன் உடம்பையே மூட்டையாக்குவோம்” என்றார். கோரைப்பாயில் சொக்கனை முழங்காலிட வைத்தார். ராமலிங்கத்தைக் கணுக்காலைப் பிடிக்கச் சொன்னார். “இடுப்பை வளைக்காம முன்னாடி சாய். எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா. பின்தொடையால பிடிச்சுக்கிட்டே இறங்கு.” சொக்கன் கால்வாசி தூரம் சாய்ந்தான். மீதித் தூரத்துக்குப் பிரேக் இல்லை. தொம்மென்று மூக்கு பாயில் மோதியது. எங்கள் நாலு பேர் சிரிப்பும் நிற்க வெகுநேரம் ஆனது. அதற்குச் சிறுமலை இறக்கம் என்று பெயர் வைத்தோம். உலகத்தில் வேறு யார் செய்தார்களோ, எங்களுக்குத் தெரியாது. தேர்வு நெருங்கியபோது சொக்கன் நெஞ்சு பாயைத் தொடும் வரை கையை ஊன்றாமல் இறங்கிக்கொண்டிருந்தான்.

புவனா, நான் ஏன் சிரித்தேன் என்று இப்போது தெரிகிறதா?

குதிகாலை இழுத்தால் அசையவில்லை, அழுத்தினால் வலியில்லை, முழு வேகத்தில் பல தடவை ஓடியும் சுருக்கென்ற பேச்சே இல்லை என்ற பிறகுதான் சார் சரி என்றார். தேர்வு நாளன்று என்னையும் போகச் சொல்லி அனுமதி கொடுத்தார்.

வெயில் கொளுத்திய நாள். காமாட்சி அக்கா தூக்குச்சட்டியில் மோரும் சோறும் கொண்டு வந்திருந்தார். சொக்கன் முதல் சுற்றில் நன்றாக ஓடி முன்னால் வந்தான். எனக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு பெயரைக் கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று வெயிலிலேயே நின்றிருக்கிறான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இறுதி ஓட்டத்துக்குச் செத்த நேரம் இருக்கும்போது, நடந்துகொண்டிருந்தவன் அப்படியே வலது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“போச்சு, மறுபடியும் போச்சு” என்று யாரோ கத்தினார்கள். சின்னாளபட்டியிலிருந்து வந்திருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். “அன்னைக்கே சொன்னோம்ல, அந்தக் காலு தேறாதுன்னு” என்று ஒரு குரல் கேட்டது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடுவதற்குள் காமாட்சி அக்கா அங்கே போய்விட்டார். மகன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் அவர் மடியில் இருந்தன.

“ஏலே சொக்கா, என்னையப் பாரு. பிடிச்சுதா, வெட்டுச்சா?”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, “பிடிச்சுதும்மா. பிடிச்சுக்கிட்டே இருக்கு” என்றான்.

“ஒத்த வெரலால காட்டு.”

அவன் விரலை நீட்டினான். அங்கே வைத்தான், இங்கே வைத்தான். பிறகு முடியாமல் உள்ளங்கையை விரித்துத் தொடை முழுவதையும் தடவினான்.

நான் குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பழைய காயம் இருந்த இடத்தில் தனியாக ஒரு வலியும் இல்லை. சதை மேலிருந்து கீழ்வரை முறுக்கிய கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. வெயிலும் தண்ணீர் குடிக்காததும் செய்த வேலை. காலை நீட்டி, நீவிவிட்டால் போதும். என் கை அதற்குத் தயாராகத்தான் இருந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிடிப்புதான்க்கா. நீங்க உருவுங்க” என்றேன்.

“நானா?”

“இது உங்க வேலை. நான் காலை நீட்டிப் பிடிச்சுக்கிறேன்.”

அவர் தயங்கினார். சுற்றி நின்ற எல்லோரும் பார்த்தார்கள். சொக்கன்தான் அவர் கையைப் பிடித்து எடுத்துத் தன் தொடையில் வைத்தான். “உருவும்மா, நேரமாச்சு” என்றான். அந்தக் கை முதலில் வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு பழைய வேலை அதற்கு ஞாபகம் வந்துவிட்டது. முழங்கால் மடிப்பிலிருந்து மேலே, நிதானமாக, ஒரே சீராக நீவியது. நான் முழங்காலை மடங்காமல் பிடித்திருந்தேன். கயிறு தளர்வது என் கைக்கே தெரிந்தது. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை. சொக்கன் எழுந்து ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டு, மெல்ல நடந்து, மெல்ல ஓடி, காலை உதறிப் பார்த்தான். வலி இருக்கிறதா என்று நான் கையால் கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கோட்டுக்குப் போனான்.

அந்த ஓட்டத்தில் முதலில் வந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒருவனுடைய வலது பின்தொடையை மட்டும்தான். அந்தப் பிரேக் கடைசிவரை தாங்கியது. அவன் இரண்டாவதாக வந்தான், அணியில் எடுத்தார்கள் என்று ராமலிங்கம் சொல்லித்தான் அறிந்தேன்.

அதன் பிறகு கழுத்துப் பிடிப்புக்காரர்கள் சின்னாளபட்டியிலிருந்து என்னிடம் வருவது நின்றுபோனது. என் கூட்டம் குறைந்தது. சாரிடம் சொன்னேன். கிராம்பை மென்றுகொண்டே, “நல்லது” என்றார்.

ஆனால் கொஞ்ச நாள் கழித்து அதே ஊரிலிருந்து ஒரு கபடி ஆட்டக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். முதல் நாள் ஆட்டத்தில் விழுந்தவர். உடம்பில் எண்ணெய் வாசம் இல்லை. தொடையில் ஈரத்துணி கட்டியிருந்தது.

“இரட்டைப்புள்ளக்காரம்மா அனுப்புச்சுக்கா. இது வெட்டு, நான் தொடமாட்டேன், கரண்ட் அக்காகிட்டப் போன்னு சொல்லுச்சு” என்றார்.

சரி, வலி எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே திரும்பி நின்று, ஒரே ஒரு விரலால் காட்டினார்.